அரியலூர் கல்லுக்குள் இருந்த கடலைப் படித்தவர்: யார் இந்த ஸ்டோலிச்கா?

அரியலூர் சிமென்ட் போட்டுக் கட்டிய அபார்ட்மென்ட்டில் நீங்கள் குடியிருந்தால், உங்கள் வீட்டுச் சுவரில் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடற்சிப்பிகள் தூளாகக் கலந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. கல்லங்குறிச்சியைச் சுற்றியுள்ள சுரங்கங்களில் சிமென்ட்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக் கல்லில், கிரைஃபியா என்ற தடித்த ஓட்டுச் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அரைவைக்குப் போவது அந்தக் கல்தான்.

இந்தச் சிப்பிகளையும், இவற்றோடு அதே கடலில் வாழ்ந்த நத்தைகளையும் சங்குகளையும் அம்மோனைட்டுகளையும் முதன்முறையாக ஒரு முழுமையான பட்டியலுக்குள் கொண்டுவந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 24 வயதில் கல்கத்தா வந்தார். 36 வயதில் லடாக்கில் இறந்தார். இடையில் இருந்தது வெறும் 12 ஆண்டுகள். இன்றும் தென்னிந்தியப் புதைபடிவங்களைப் பற்றி யார் எழுதினாலும், அவர் வைத்த பெயர்களைத் தொடாமல் எழுத முடியாது.

அவர் என்ன செய்தார், அது இன்று நமக்கு ஏன் தேவை என்று பார்ப்போம்.

அரியலூரில் கடலா?

ஆமாம். இன்றைய அரியலூர், பெரம்பலூர், திருச்சியின் வடபகுதி, விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய பகுதிகளின் மேல் ஒரு காலத்தில் கடல் ஏறி நின்றது. காலம் கிரெட்டேசியஸ். அதாவது, டைனோசர்கள் இருந்த கடைசிக் காலகட்டம். கடல் சில முறை உள்ளே வந்தது, சில முறை பின்வாங்கியது. வந்துபோன ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்தன.

பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக்குப் போனால், மழை அரித்த செம்மண் மேடுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். அங்கே தரையில் துப்பாக்கிக் குண்டு மாதிரி கூர்மையான சிறு கற்கள் கிடக்கும். அவை பெலெம்னைட்டுகள். இன்றைய கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். அந்த உயிரினத்தின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதிதான் இப்போது கல்லாகக் கிடக்கிறது.

இந்தப் புதைபடிவங்கள் ஐரோப்பியர் கவனத்துக்கு வந்தது 1840-களில். மெட்ராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த கேய், அவருடைய நண்பர் கன்லிஃப் ஆகிய இருவரும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அதைப் பரிசோதித்து 1846-ல் அறிக்கை எழுதியவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவார்.

அதன் பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை களத்தில் இறங்கியது. 1850-களின் இறுதியில் ஹென்றி பிளான்ஃபோர்டு தலைமையில் இந்தப் பகுதி வரைபடமாக்கப்பட்டது. பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பிரித்தார். இன்றும் அந்தப் பெயர்கள்தான் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக ஆனவரும் இதே பிளான்ஃபோர்டுதான்.

பெட்டி பெட்டியாகப் புதைபடிவங்கள் கல்கத்தா போய்ச் சேர்ந்தன. அவற்றைப் படிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

வனக்காவலர் மகன், கல்கத்தா வேலை

ஸ்டோலிச்கா பிறந்தது 1838 ஜூன் 7. ஊர், இன்றைய செக் குடியரசில் உள்ள க்ரோமெரிஷ் நகரத்துக்குப் பக்கம். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் மொராவியா மாகாணம். அப்பா, பேராயரின் எஸ்டேட் காடுகளைப் பார்த்துக்கொண்ட வன ஊழியர். பையன் வியன்னா போய்ப் புவியியல் படித்தார். எட்வர்ட் சூஸ் அவருடைய ஆசிரியர்களில் ஒருவர். கோண்ட்வானா நிலம் என்ற பெயரைப் பின்னாளில் உலகத்துக்குக் கொடுத்தவர் அந்த சூஸ்தான்.

1861-ல் டாக்டர் பட்டம். அடுத்த ஆண்டே இந்தியாவில் வேலை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையை நடத்திவந்த தாமஸ் ஓல்டாம் அவரைத் தேர்ந்தெடுத்தார். துறைக்கு அப்போது வயது 11 தான். நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே என்று தேடுவதுதான் அரசு அதற்குக் கொடுத்த முதல் வேலை. ஆனால் எந்தப் பாறை எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் நிலக்கரியைத் தேட முடியாது. காலத்தைச் சொல்வது பாறைக்குள் இருக்கும் உயிரினங்கள். அதனால்தான் ஒரு காலனி அரசு, சிப்பி படிக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தது.

செத்த ஓட்டைப் படிக்க உயிருள்ள உடம்பு

ஸ்டோலிச்காவின் வேலையில் முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது.

புதைபடிவம் என்பது பெரும்பாலும் ஓடு மட்டும்தான். உள்ளே இருந்த சதை அழுகிப் போய்விட்டது. ஓட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயர் கொடுத்துக்கொண்டே போகலாம். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் இரண்டு ஓடு ஒரே மாதிரி இருந்தால் அவை சொந்தம் என்று அர்த்தமா? ஒரே மாதிரி சட்டை போட்ட இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

இதற்கு ஸ்டோலிச்கா தேர்ந்தெடுத்த வழி, இன்று உயிரோடு இருக்கும் மெல்லுடலிகளையும் சேர்த்துப் படிப்பது. கல்கத்தா சதுப்பு நிலம், பர்மாவின் மௌல்மீன், பினாங்கு என்று போன இடத்தில் எல்லாம் நத்தைகளைப் பிடித்தார். ஓட்டை மட்டும் எடுத்து வைக்கவில்லை. உடம்பையும் அறுத்து, உள் உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்று எழுதி வைத்தார்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை வீட்டில் மட்டி சமைத்தால் ஓட்டைத் தூக்கிப் போடாதீங்க. உள்பக்கத்தைப் பாருங்க. இரண்டு ஓரத்திலும் மங்கலான வட்டத் தழும்பு தெரியும். ஓட்டை இறுக்கி மூடும் தசை ஒட்டியிருந்த இடம் அது. இரண்டையும் இணைத்து ஒரு மெல்லிய கோடு ஓடும். சில வகைகளில் அந்தக் கோடு ஓரிடத்தில் உள்பக்கமாக வளைந்திருக்கும். வளைவு இருந்தால், அந்த உயிரினத்துக்கு உள்ளிழுக்கக்கூடிய நீர்க்குழாய் இருந்தது என்று பொருள். குழாய் இருந்தால் அது மணலுக்குள் புதைந்து வாழ்ந்திருக்கும்.

இந்த விஷயம் உயிருள்ள மட்டியைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டு அரியலூர் கல்லைப் பார்த்தால், 7 கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த சிப்பி மணலுக்குள் புதைந்து வாழ்ந்ததா, தரையில் கிடந்ததா என்று சொல்லிவிடலாம்.

எண்களில் அவர் உழைப்பு

தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிரினங்கள் பற்றிய நூல் நான்கு தொகுதிகளாக வந்தது.

முதல் தொகுதி: நாட்டிலஸ், பெலெம்னைட், அம்மோனைட் வகைகள். முதல் இரண்டையும் 1861-ல் பிளான்ஃபோர்டு முடித்திருந்தார். அம்மோனைட்டுகளை ஸ்டோலிச்கா 1866-க்குள் முடித்தார்.

இரண்டாம் தொகுதி: நத்தை, சங்கு வகைகள். 1867 முதல் 1868 வரை.

மூன்றாம் தொகுதி: சிப்பி, மட்டி போன்ற இருவோட்டு உயிரினங்கள். 1870 முதல் 1871 வரை. 500 பக்கங்களுக்கு மேல், 50 படத்தகடுகள்.

நான்காம் தொகுதி: கடல் முள்ளெலிகள், பவளங்கள் உள்ளிட்ட மற்றவை. 1872 முதல் 1873 வரை.

மூன்றாம் தொகுதியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அரியலூர் சிப்பிகளை விவரிப்பதோடு அவர் நிறுத்தவில்லை. அன்று உலகத்தில் தெரிந்திருந்த இருவோட்டு உயிரினப் பேரினங்கள் எல்லாவற்றையும், புதைபடிவமோ உயிருள்ளதோ, ஒரே வரிசையில் வைத்துப் பரிசீலித்தார். இன்றைய மொழியில் சொன்னால், தனித்தனியாகக் கிடந்த இரண்டு டேட்டாபேஸை ஒன்றாக இணைத்தார். கம்ப்யூட்டர் இல்லை, போட்டோ இல்லை. நூலகம், நுண்ணோக்கி, கையால் வரைந்த படங்கள் மட்டும்தான்.

இதெல்லாம் அவருடைய முழுநேர வேலைகூட இல்லை. 1864, 1865 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இமயமலையின் ஸ்பிதி பகுதியில் கள ஆய்வு. அங்கே அம்மோனைட் நிறைந்த கறுப்புக் களிப்பாறைக்கு ஸ்பிதி ஷேல் என்று பெயர் வைத்தார். உங்கள் வீட்டுப் பூஜை அறையில் சாளக்கிராமம் இருந்தால், அது இதோடு சம்பந்தப்பட்டதுதான். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள், இமயமலையில் இதே காலத்துக் கறுப்புப் பாறைகளிலிருந்து வரும் அம்மோனைட்டுகள். நாம் சக்கரமாக வணங்கும் சுருள், ஒரு கடல் உயிரினத்தின் வீடு.

1868 முதல் ஆசியக் கழகத்தில் இயற்கை வரலாற்றுச் செயலாளர் பொறுப்பு. பிறகு அந்தமான், நிகோபார், கட்ச் பயணங்கள். பறவை, பல்லி, பாம்பு, சிலந்தி, நண்டு எல்லாவற்றைப் பற்றியும் கட்டுரைகள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவருடைய நூலில் ஊட்டத்தூர், ஒதியம், கருடமங்கலம், நின்னியூர் என நம் ஊர்ப் பெயர்கள் வருகின்றன. ஆனால் வெயிலில் அந்தக் கற்களைப் பொறுக்கித் தூக்கிவந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கவில்லை. காலனிய அறிவியலின் கணக்குப் புத்தகம் அப்படித்தான் எழுதப்பட்டது.

ஆழ்கடலில் ஒளிந்திருந்த சொந்தங்கள்

இப்போது எட்வர்ட் ஃபோர்ப்ஸுக்குத் திரும்புவோம்.

தென்னிந்தியப் புதைபடிவங்களைப் பற்றி முதலில் எழுதிய ஃபோர்ப்ஸ், இன்னொரு விஷயத்துக்காகவும் அறியப்படுகிறார். ஈஜியன் கடலில் வலை போட்டுப் பார்த்த அவர், ஆழம் கூடக்கூட உயிரினங்கள் குறைவதைக் கவனித்தார். அதை வைத்து, சுமார் 300 பாகத்துக்குக் கீழே, அதாவது சுமார் 550 மீட்டருக்குக் கீழே, உயிரே இருக்காது என்று 1843-ல் கணித்தார். பல ஆண்டுகள் அந்தக் கருத்து நின்றது.

ஸ்டோலிச்கா வேலை செய்த காலம், அந்தக் கருத்து உடைந்துகொண்டிருந்த காலம். செத்துவிட்டதாக நினைத்த உயிரினங்களின் சொந்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மூன்று உதாரணம் பார்ப்போம்.

முதலாவது, டிரைகோனியா. முக்கோண வடிவச் சிப்பி. அரியலூர்ப் பாறைகளிலும் உண்டு. முழுக்க அழிந்துபோன இனம் என்றுதான் நினைத்தார்கள். 1802-ல் டாஸ்மேனியா பக்கம் பிரெஞ்சுப் பயணக் குழுவுக்கு அதன் நெருங்கிய உறவு கிடைத்தது. இன்று அந்த வம்சம் ஆஸ்திரேலியக் கடலில் மட்டும்தான் வாழ்கிறது.

இரண்டாவது, ப்ளூரோடொமேரியா. ஓட்டின் விளிம்பில் நீளமாக ஒரு பிளவு உள்ள நத்தை. கழிவும் சுவாசித்த நீரும் வெளியேறும் வழி அது. நம் கிரெட்டேசியஸ் பாறைகளில் இதன் ஓடுகள் இருக்கின்றன. உயிருள்ள வம்சத்தின் முதல் ஓடு 1855-ல் கரீபியன் கடலில் கிடைத்தது. அதிலும் உள்ளே குடியிருந்தது ஒரு துறவி நண்டு. இன்று இந்தக் குடும்பத்து நத்தைகள் பெரும்பாலும் 100 மீட்டருக்குக் கீழே, வெளிச்சம் குறைந்த ஆழத்தில்தான் வாழ்கின்றன.

மூன்றாவது, நாட்டிலஸ். உள்ளே அறை அறையாகப் பிரிந்த சுருள் ஓடு. அந்த அறைகளில் உள்ள வாயுதான் அதை மூழ்காமல் மிதக்க வைக்கிறது. சில நூறு மீட்டர் ஆழம் வரை இறங்கும்.

பார்த்தால் அம்மோனைட் மாதிரியே இருக்கும். ஆனால் இங்கேதான் அந்தச் சட்டை உதாரணம் உதவும். அறைகளை இணைக்கும் குழாய் நாட்டிலஸில் நடுவில் போகிறது, அம்மோனைட்டில் வெளி விளிம்பை ஒட்டிப் போகிறது. அம்மோனைட்டுக்கு நாட்டிலஸைவிட, ஓடே தெரியாத கணவாயும் பேய்க்கணவாயும்தான் நெருங்கிய சொந்தம் என்பது இன்றைய அறிவியலின் முடிவு.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது அம்மோனைட் மொத்தமாக அழிந்தது. நாட்டிலஸ் தப்பியது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேற்பரப்பில் மிதந்தவை. நாட்டிலஸ் குஞ்சுகள் பெரியவை, ஆழத்தில் வாழக்கூடியவை. அந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மேல்கடலில் செழித்திருந்த பழைய வம்சங்களில் சில ஆழத்தில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆழ்கடலில் உயிர் உண்டா என்ற கேள்விக்கு முழு விடை தேடி, பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் 1872 டிசம்பரில் புறப்பட்டது. அது திரும்பி வந்தது 1876 மே மாதம்.

அந்தச் செய்தியைக் கேட்க ஸ்டோலிச்கா இல்லை.

காரகோரத்தில் முடிந்த பயணம்

நான்காம் தொகுதி முடிந்த 1873-லேயே அவர் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஃபோர்சைத் தலைமையில் பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய இரண்டாம் யார்க்கண்ட் தூதுக்குழு. லடாக் வழியாக யார்க்கண்ட், காஷ்கர், பிறகு பாமீர். அரசுக்கு அது ரஷ்யாவைக் கண்காணிக்கும் அரசியல் பயணம். ஸ்டோலிச்காவுக்கோ, புவியியல் அறிஞர்கள் அதிகம் பார்க்காத நிலம்.

1874 ஜூன் 16-ம் தேதி, திரும்பும் வழியில், 5,540 மீட்டர் உயரத்தில் உள்ள காரகோரம் கணவாயைக் கடந்தார்கள். கடும் தலைவலி வந்தது. மூச்சுவிடச் சிரமம். ஜூன் 19-ம் தேதி முர்கோ என்ற இடத்தில் இறந்தார். உயரத்தால் வரும் மலைநோய்தான் காரணம் என்று இன்று கருதப்படுகிறது. 36-வது பிறந்தநாள் முடிந்து 12 நாட்கள்தான் ஆகியிருந்தன.

முர்கோ எங்கே இருக்கிறது என்று யோசிக்கிறீர்களா? தவுலத் பேக் ஓல்டிக்குப் போகும் எல்லைச் சாலை செய்திகளில் அடிக்கடி வருமே, அந்தச் சாலையில்தான். உடல் லேயில் அடக்கம் செய்யப்பட்டது. அங்கே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

அவர் சேகரித்தவை வீணாகவில்லை. யார்க்கண்ட் சேகரிப்புகளை வேறு நிபுணர்கள் பல ஆண்டுகள் எடுத்துப் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். ஒரு அம்மோனைட் பேரினத்துக்கு ஸ்டோலிச்கையா என்று பெயர் வந்தது. அவருடைய அம்மோனைட் முடிவுகளில் பலவற்றை 1890-களில் வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட் திருத்தினார். திருத்த முடிந்ததற்குக் காரணம், ஸ்டோலிச்கா பார்த்த அதே கற்கள் கல்கத்தாவில் பத்திரமாக இருந்தது. இன்றும் அவை அங்கே புவியியல் ஆய்வுத்துறையிடம் இருக்கின்றன.

கொச்சியில் தொடரும் அதே வேலை

ஸ்டோலிச்கா கல்லிலிருந்து தொடங்கி உயிரை நோக்கிப் போனார். இன்று கடலிலிருந்து தொடங்கும் வேலை கொச்சியில் நடக்கிறது. மட்டாஞ்சேரி படகுத்துறைகளிலிருந்து கழிமுகத்தைத் தாண்டினால் வைப்பின் தீவு. அங்கே புதுவைப்பில் மத்திய அரசின் கடல்வாழ் உயிர்வள மற்றும் சூழலியல் மையம் இருக்கிறது. சாகர் சம்பதா என்ற ஆய்வுக் கப்பலை இயக்குவது இந்த மையம். அரபிக் கடல், வங்கக் கடல் ஆழங்களிலிருந்து வரும் உயிரினங்களை அடையாளம் கண்டு, பெயரிட்டு, பாதுகாத்து வைக்கிறது.

இந்த வேலைக்கு அவசரம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆழ்கடல் உயிரினங்களை ஆராய்வதும் அதில் உண்டு. கடல்தரையிலிருந்து உலோக முடிச்சுகளை எடுக்கும் தொழில்நுட்பமும் அதில் உண்டு. எது அங்கே வாழ்கிறது என்ற பட்டியல் முதலில் வருமா, இயந்திரம் முதலில் இறங்குமா? அந்த வரிசைதான் முக்கியம்.

அரியலூரில் இயந்திரம் எப்போதோ இறங்கிவிட்டது. சுரங்கம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. சிமென்ட் இல்லாமல் நமக்கும் வீடு இல்லை. ஆனால் வெட்டிய அடுக்கு திரும்ப வராது. வாரணவாசியில் தமிழ்நாடு அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் சாத்தனூரில் கல்மரம் பாதுகாக்கப்படுகிறது. இவற்றுக்கு வெளியே இருக்கும் பெரும்பகுதிக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. புவியியல் பாரம்பரியச் சின்னங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவை 2022-ல் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மட்டாஞ்சேரியிலோ ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ நீங்கள் நாட்டிலஸ் ஓடு வாங்கினால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதனால் வாங்காதீங்க. ஆனால் அதே நாட்டிலஸின் 10 கோடி ஆண்டு மூத்த சொந்தத்தைக் காரையில் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், அந்தச் சட்டம் கேட்காது.

ஒரு வார இறுதி கிடைத்தால் வாரணவாசிக்கும் காரைக்கும் போய்ப் பாருங்க. எதையும் எடுத்துவராதீங்க, எந்த அடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால், புதைபடிவம் வெறும் கல்தான். போட்டோ எடுங்க, இடத்தைக் குறித்து வைங்க, வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் அருங்காட்சியகத்தில் சொல்லுங்க. ஸ்டோலிச்காவின் நான்கு தொகுதிகளில் இன்னும் இடம்பெறாத ஏதோ ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு நிறைய இருக்கிறது.